சபர் செல்பவரிடம் நாம் கேட்காத ஒரு கேள்வி



காவிரிப் பாசனத்து ஊர்களில் சபர் சென்றவர் இல்லாத முஸ்லிம் வீடு அரிது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தலைமுறை மறைந்து, வளைகுடா நாடுகளுக்கு விமானமேறும் தலைமுறை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என எந்த ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து நின்று பேசினாலும், பேச்சு சிறிது நேரத்தில் ரியாத்துக்கோ துபைக்கோ தோஹாவுக்கோ போய்ச் சேரும்.

விசா வந்துவிட்டது என்றால் வீட்டில் கேள்விகளுக்குக் குறைவில்லை. சம்பளம் எத்தனை ரியால்? ஓவர்டைம் உண்டா? தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தருமா? இகாமா யார் செலவு? எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பு? இவை அனைத்தும் கேட்கப்பட வேண்டியவையே. ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. "வேலை நடக்கும் இடத்தில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்குமா? கிடைக்காதெனில், ஆபத்து வேளையில் செய்தி சொல்ல என்ன கருவி தருவார்கள்? அந்தச் செய்தியைக் கேட்க மறுமுனையில் யார் இருப்பார்?" சம்பளத்துக்கும் இகாமாவுக்கும் நிகரான இடத்தை இந்தக் கேள்விக்கும் கொடுக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

நகரத்துக் கடையிலும் உணவகத்திலும் வேலை பார்ப்பவருக்கு இக்கவலை இல்லை. எண்ணெய் வயலுக்கான நில ஆய்வுக் குழு, குழாய்ப் பாதைப் பணி, தொலைத்தொடர்புக் கோபுரப் பராமரிப்பு, நெடுந்தொலைவு டேங்கர் ஓட்டம், பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத்தில் செல்பவருக்கே இது உயிர்ப் பிரச்சினை.

மணல்வெளியில் நின்றுபோன வாகனம்

2024 ஆகஸ்டில் ஒரு செய்தி நம் நாட்டு நாளிதழ்களில் வந்தது. சவூதி அரேபியாவில் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றில் பணியாற்றிய தெலங்கானா இளைஞர் ஒருவரும், உடன் சென்ற சூடான் நாட்டவர் ஒருவரும் ரப்உல் காலி பாலைவனத்தில் வழி தவறினர். ஜி.பி.எஸ். செயலிழந்தது, எரிபொருள் தீர்ந்தது, செல்பேசியில் சார்ஜும் தீர்ந்தது. சில நாட்கள் கழித்து, நின்றுபோன வாகனத்தின் அருகே தொழுகை விரிப்புகளின் மீது இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன என்று செய்திகள் கூறின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அவ்விருவரையும் பொருந்திக்கொள்வானாக.

ரப்உல் காலி என்றால் வெறுமையான கால்பகுதி என்று பொருள். ஏறத்தாழ 6,50,000 சதுர கி.மீ. பரப்பு. நம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து தமிழ்நாட்டை அதற்குள் வைக்கலாம். கோடையில் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தொடும். அத்தகைய இடத்தில், தொலைத்தொடர்பே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஒரு சொல்லும் வெளியே சொல்ல வழியின்றி இறந்தார் என்பது நெஞ்சை உலுக்கும் பாடமாகும்.

வழி காட்டும் கருவி வேறு, செய்தி சொல்லும் கருவி வேறு

நம்மில் பலருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. "கையில் போன் இருக்கிறது, அதில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று நம்புகிறோம். உண்மை அவ்வாறில்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் அலைகளை நம் கைக்கருவி கேட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அத்துடன் அதன் வேலை முடிந்தது. வானொலி கேட்பவர் எங்கே அமர்ந்து கேட்கிறார் என்பது வானொலி நிலையத்துக்குத் தெரியாதது போல, நாம் எங்கே நிற்கிறோம் என்பது அந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. நாம் இருக்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்ல வேறொரு வழி வேண்டும். செல்பேசியில் அந்த வழி கோபுரம் மூலமே செல்கிறது. கோபுரம் இல்லாத இடத்தில் தன் இருப்பிடம் தனக்கு மட்டுமே தெரிந்த மனிதராக நாம் நிற்போம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் அதுவும் திரையில் வராது. வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டுமே தெரியும்.

கோபுரம் இல்லாத இடத்துக்கென்றே சில கருவிகள் உள்ளன. இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 780 கி.மீ. உயரத்தில் சுற்றி உலகம் முழுவதையும் எட்டுகின்றன. இன்மார்சாட்டும், ஐக்கிய அரபு அமீரகத்தில் 1997இல் தொடங்கப்பட்ட துரையாவும் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் ஓரிடத்தில் நிற்பது போலத் தோன்றும் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகின்றன. துரையா என்பது அரபியில் நம் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பெயர். இவை தவிர, பேச்சு வசதியின்றிக் குறுஞ்செய்தியும் ஆபத்து அழைப்பும் மட்டும் அனுப்பும் சிறு கருவிகளும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு அமைப்புக்கு அபாயக் குறி அனுப்பும் பீக்கன்களும் உண்டு. அந்த அமைப்பில் நம் நாடும் உறுப்பு; அதன் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இயங்குகிறது.

இக்கருவிகளுக்கும் எல்லைகள் இருக்கின்றன. செயற்கைக்கோள் தொலைபேசிக்குத் திறந்த வானம் வேண்டும். இரும்புக் கேபினுக்குள்ளும் வண்டிக்குள்ளும் வெளி ஆன்டெனா இன்றி அது எடுக்காது. ப்ரீபெய்டு கணக்கு காலாவதியானால் கையில் இருப்பது வெறும் கல். கடும் வெப்பத்தில் பேட்டரிகள் சோர்ந்துவிடும். ஐபோனை 35 பாகை வரையிலான சூழலிலேயே பயன்படுத்துமாறு அந்நிறுவனமே கூறுகிறது. 2024 ஏப்ரலில் துரையா-3 செயற்கைக்கோள் பழுதானபோது ஆசிய பசிபிக் பகுதியில் அதை நம்பியிருந்தோரின் தொடர்பு அறுந்தது. 2025 ஜூனில் ஈரான்-இஸ்ரேல் போரின்போது ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் ஜி.பி.எஸ். குழம்பியது. ஆகவே எந்தக் கருவியையும் தனியாக நம்பலாகாது. காந்தத் திசைகாட்டியும், காகித வரைபடமும், வட துருவ விண்மீனை அடையாளம் காணும் அறிவும் பழமையானவை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. தஞ்சையில் அவ்விண்மீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கிறது. ரியாத்தில் ஏறத்தாழ 25 பாகை. நிலத்தின் இருளிலும் கடலின் இருளிலும் வழி அறிவதற்காகவே விண்மீன்களை அமைத்ததாக அல்லாஹ் சூரத்துல் அன்ஆமில் கூறுகிறான். அந்த அருட்கொடையைக் கற்றுக்கொள்வது நமது பொறுப்பு.

மறுமுனையில் யார்?

கருவியைப் பற்றிப் பேசுவோர் பலரும் மறுமுனையை மறந்துவிடுகின்றனர். ஓட்டுநர் புறப்படும்போது எந்தப் பாதையில் செல்கிறார், எப்போது சேர்வார் என்பதை முகாமில் ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறாரா? குறித்த நேரம் கடந்து ஒரு மணி ஆகியும் தகவல் வரவில்லையெனில் அவர் என்ன செய்வார்? அந்த ஒருவர் இல்லாவிட்டால், விலை உயர்ந்த தொலைபேசியும் பாதி வேலையே செய்யும். அந்த ஒருவர் இருந்தால், கருவி பழுதானாலும் தேடுதல் அன்றே தொடங்கும். பாலையில் நாட்கணக்கு என்பது உயிர்க்கணக்கு.

நம் கடற்கரை மக்களுக்கு இது புதிதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. அந்தத் துயருக்குப் பின்னரே, கரையிலிருந்து செய்தி பெறவும் கரைக்குச் செய்தி அனுப்பவும் உதவும் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்கள் தமிழகத்தின் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. கடலுக்குச் செல்பவருக்கு அரசு ஏற்றுக்கொண்ட கடமையை, பாலைக்கு அனுப்பும் முதலாளி ஏன் ஏற்கக் கூடாது?

ஒட்டகத்தைக் கட்டுவதும் தவக்குலும்

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கூறிப் புறப்படுவோர் உண்டு. அல்லாஹ்வே பாதுகாவலன் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதீயில் நாம் பார்க்கிறோம். போர்க்களத்தில் தொழும்போதும் எச்சரிக்கையுடன் இருக்குமாறு சூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது.

ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். ஸவ்ர் குகையில் தங்கிய மூன்று இரவுகளும் மக்காவில் நடப்பதைப் பகலில் கேட்டறிந்து இரவில் வந்து சொன்னவர் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி). ஆட்டு மந்தையை ஓட்டி வந்து பாலுக்கு வழி செய்தவர் ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி). பாதை காட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிமாகவும் இருக்கவில்லை. பாதையை நன்கறிந்தவர் என்பதே அவரது தகுதி. வஹீ இறங்கும் நபியின் பயணத்திலேயே செய்தித் தொடர்பு, உணவு, வழிகாட்டி ஆகிய மூன்றும் திட்டமிடப்பட்டிருந்தன. இரவில் தனியே பயணம் செய்வதை நபியவர்கள் வெறுத்ததும், மூவர் பயணித்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. இன்றைய பாதுகாப்பு விதிகள் அனைத்தும் இவற்றின் நிழலிலேயே நிற்கின்றன.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழி முதலாளிக்கும் பொருந்தும். ஆளில்லா இடத்துக்கு அனுப்பும் தொழிலாளிக்குச் செய்தி சொல்லும் கருவி தருவது தயவு அன்று, அமானத்.

காணாமல் போனவரின் வீடு

2014 ஜூனில் இராக்கில் நடந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திக்ரித்தில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் கையிலிருந்த செல்பேசிகள் வழியே தம் வீட்டாருடனும் தூதரகத்துடனும் தொடர்ந்து பேசி வந்தனர். ஜூலை 5 அன்று கொச்சி வந்து சேர்ந்தனர். மோசூலில் கடத்தப்பட்ட இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்களோ ஜூன் நடுவிலேயே தொடர்பிழந்தனர். அவர்களில் 39 பேர் கொல்லப்பட்டது 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் உறுதியாக அறிவிக்கப்பட்டது. தொலைபேசி மட்டுமே செவிலியரைக் காத்தது என்று நாம் கூறவில்லை. இரு சம்பவங்களின் சூழலும் வேறு. ஆனால் 39 வீடுகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அழவும் முடியாமல், நம்பவும் முடியாமல் காத்திருந்தன.

ஃபிக்ஹு நூல்களில் இத்தகையவருக்கு மஃப்கூத் என்று பெயர். உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று அறியப்படாதவர். அவருடைய சொத்தைப் பங்கிட இயலாது. அவருடைய மனைவி விதவையும் இல்லை, கணவன் உள்ளவளும் இல்லை. ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, கணவரின் சம வயதினர் மறையும் காலம் வரை அவள் காத்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு காத்திருந்து, பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கலாம் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இமாம் மாலிக் (ரஹ்) அதனை ஏற்றார். பிற்கால ஹனஃபி உலமாக்களும் பெண்களின் துயர் கண்டு அதன்பால் வந்தனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் நான்கு ஆண்டு இருப்பிடம் அறியப்படாமையை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்கிறது. இறந்துவிட்டதாகக் கருதுவதற்கோ நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது.

மதரஸாவில் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு இது ஏட்டுச் சட்டமாகவே தோன்றும். சபர் சென்றோர் நிறைந்த நம் ஊர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் அன்று. "நான் இங்கே இருக்கிறேன்" என்ற ஒரு குறுஞ்செய்தி ஓர் உயிரைக் காக்கலாம். உயிர் காக்க இயலாமற் போனாலும், ஒரு ஜனாஸாவுக்கு இடம் தரும். ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகளைக் காக்கும். பிள்ளைகளின் பங்கைக் காக்கும். இதனால்தான் இதைக் குடும்பத்தின் ஹக்கு என்கிறோம்.

தொடர்பு இரு பக்கத்துக்கும் உரியது என்பதைக் கஜா நமக்குக் கற்பித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அப்புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், பட்டுக்கோட்டை முதல் வேதாரண்யம் வரை மின்சாரமும் கோபுரங்களும் பல நாட்கள் முடங்கின. அப்போது அபலைகளாய்த் தவித்தவர்கள் பாலைவனத்தில் இருந்தோர்தாம். உம்மா எப்படி இருக்கிறார், கூரை நிற்கிறதா, தென்னை மிஞ்சியதா என்று கேட்க அவர்களுக்கு ஒரு குரலும் கிடைக்கவில்லை.

கொண்டுவரக் கூடாதது

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளைகுடாவில் கடையில் கிடைக்கும் துரையா, இரிடியம் தொலைபேசிகளை உரிமமின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் பறிமுதல் மட்டுமன்றிக் கைதும் நேரலாம். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவியை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளும் நம் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளனர். ஆகவே அங்கே பயன்படுத்தும் கருவியை அங்கேயே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஊரில் காட்டுவதற்கென்று பெட்டியில் வைக்காதீர்கள். வேலை பார்க்கும் நாட்டின் உரிம விதிகளையும் கேட்டறியுங்கள். அதனால்தான் இக்கருவியைத் தொழிலாளி தானே வாங்குவதைவிட, உரிமத்துடன் நிறுவனம் தருவதே முறை என்கிறோம்.

செய்ய வேண்டியவை

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பணியிடத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். "சவூதி" என்பது இடத்தின் பெயர் ஆகாது. அருகிலுள்ள ஊர் எது, முகாமில் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா, வாகனத்தில் கண்காணிப்புக் கருவி உண்டா, தனியே அனுப்புவார்களா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் சொல்ல இயலாத ஏஜென்ட் எதையோ மறைக்கிறார், அல்லது எதையும் அறியாதவர். பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புறப்படுபவரின் பையில் பவர் பேங்க் ஒன்று இருக்கட்டும்; விமானத்தில் அது கைப்பையில் மட்டுமே செல்ல வேண்டும். சாதாரணப் பொத்தான் போன் ஒன்று, திசைகாட்டி, விசில், டார்ச், சிறு கண்ணாடி ஆகியவை பெரிய செலவில்லை. முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். போன் அணைந்தால் அதிலுள்ள எண்களும் அணைந்துவிடும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்க வேண்டாம் என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டும். மணலில் தேடுவோர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டியே முதலில் தெரியும்.

வீட்டார் வாரத்தில் ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தவறினால் யாரை அழைப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உடன் வேலை செய்யும் ஒருவரின் எண், முகாம் பொறுப்பாளரின் எண், இந்தியத் தூதரகத்தின் எண் ஆகிய மூன்றும் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். தூதரகத்துக்கு முறையிட வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளம் 2015 முதல் இயங்குகிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் உள்ளது.

நமது ஜமாஅத்துகளிடம் ஒன்றைக் கேட்கிறோம். நிக்காஹ்வுக்கும் மௌத்துக்கும் பள்ளிவாசலில் பதிவேடு வைத்திருக்கிறோம். சபர் செல்வோருக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். பெயர், கடவுச்சீட்டு எண், நிறுவனம், பணியிடம், வீட்டாரின் எண் ஆகியவை குடும்பத்தின் சம்மதத்துடன் அதில் இருக்கட்டும். அது நம்பகமான ஒருவரின் பூட்டில் இருக்கட்டும். ஒருவரைக் காணவில்லை என்று ஓர் உம்மா அழுதுகொண்டு வரும் நாளில், கடிதம் எழுதத் தேவையானவை அனைத்தும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இதற்கு வேண்டியது ஒரு நோட்டும் ஒரு மாலை நேரமும்தான்.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல ரஹ்மான் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக. வழி தவறியோருக்கு வழி காட்டுவானாக. செய்தியின்றித் தவிக்கும் வீடுகளுக்கு நற்செய்தி தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.